கண்டன அறிக்கை: பத்தை இருபதாக்கிய சட்டம் எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது

அமராவதி நகர், உடுமலைப்பேட்டை வட்டம், திருப்பூர் மாவட்டம்.



2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பல போராட்டங்களில் ஒவ்வொன்றாகக் கிடைத்த 29 சட்டங்கள் அன்றோடு இந்த நான்குக்குள் அடங்கின. ஊதியத் தொகுப்பு 2019-இல் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மற்ற மூன்றும் கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரத்தில் நாடாளுமன்றத்தைத் தாண்டின. ஐந்தாண்டு கிடப்பில் கிடந்தவை ஒரே நாளில் எங்கள் தலைமேல் இறங்கிவிட்டன. இதை அமராவதி நகர்த் தொழிலாளர்களாகிய எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

மத்தியத் தொழிற்சங்கங்கள் 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்திலும் நவம்பர் 26 போராட்டத்திலும் சொன்ன காரணங்கள் எல்லாம் எங்களுக்கும் உடன்பாடே. அவற்றைத் திரும்ப எழுத இந்த அறிக்கை இல்லை. பனியன் தொழிலில் வயிறு வளர்க்கும் எங்களுக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. இந்தச் சட்டங்கள் ஒரு வாசலுக்குள் எத்தனை தலை என்று எண்ணித்தான் பல உரிமைகளைக் கொடுக்கின்றன. எங்கள் தொழிலோ ஒரே வேலையைப் பத்து வாசலுக்குப் பிரித்துக் கொடுத்து நடக்கிறது. எண்ணிக்கையை உயர்த்தினால் முதலில் கணக்கில் விழாமல் போவது நாங்கள்தான்.

ஒரு பனியன், பத்து வாசல்

அமராவதி அணைக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே மில் வண்டிகள் கிளம்புகின்றன. பெண்கள் பலர் உடுமலை சுற்றுவட்டார நூற்பாலைகளுக்குப் போகிறார்கள். இளைஞர்கள் திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் சம்பளத்தோடு ஊர் திரும்புகிறார்கள். விவசாயம் கைகொடுக்காத வருசங்களில் இந்த வட்டாரத்தைத் தாங்கியது பஞ்சும் நூலும் பனியனும்தான்.

வெளியில் இருப்பவர்கள் பனியன் கம்பெனி என்றால் ஒரே கூரைக்குக் கீழே பஞ்சு போய்ச் சட்டை வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி நடக்கும் பெரிய கம்பெனிகளும் உண்டு. ஆனால் தொழிலின் பெரும்பகுதி ஜாப் ஒர்க். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம். துணி சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங் ஆகி, கட்டிங்குக்கு வரும். அங்கிருந்து மூட்டையாக, மின்சாரத் தையல் மிஷின்கள் ஓடும் பவர் டேபிளுக்குப் போகும். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கர் என்று தையல் முடிந்தால் காஜா பட்டன் வேறொரு சந்தில். பிரிண்டிங்கும் எம்ப்ராய்டரியும் வேறு வேறு தெருவில். பிசிறு வெட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் ஏறும்போது ஒரே லேபிள், ஒரே விலைச்சீட்டு. அந்த லேபிளுக்குப் பின்னால் நூறு பேர் இருப்பார்கள். எந்த வாசலில் எட்டிப்பார்த்தாலும் எட்டுப் பேர், பன்னிரண்டு பேர், பதினைந்து பேர்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. மின்சாரம் இல்லையென்றால் 20 பேர். புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு இதை 20 என்றும் 40 என்றும் இரட்டிப்பாக்கிவிட்டது. நேற்றுவரை தொழிற்சாலையாக இருந்த பதினைந்து பேர் பவர் டேபிள் யூனிட் இன்று தொழிற்சாலை இல்லை. தையல் மிஷின் அதேதான், கரண்டும் அதேதான். பெயர் மட்டும் போய்விட்டது. பெயர் போனால் கட்டட வரைபட ஒப்புதல், தொழிற்சாலை உரிமம் என்று தொடங்கி அந்தப் பெயரோடு கட்டியிருந்த ஏற்பாடுகளும் போகின்றன.

பத்துப் பேர் இருந்தாலே ‘நிறுவனம்’ என்ற பெயரில் கடமைகள் உண்டே என்று அரசு பதில் சொல்லும். உண்டு. அந்தக் கணக்கிலும் ஒன்பது பேர் வேலை செய்யும் இடம் எங்கே சேர்த்தி என்று கேட்கிறோம்.

மற்ற எண்களையும் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இல் 20 பேர் என்று வைத்த வரம்பு 50 ஆகிவிட்டது. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்கு இருந்தது. அது 300 ஆகிவிட்டது. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எப்படி என்று எழுதிவைக்கச் சொல்லும் நிலையாணைகளுக்கும் 100 போய் 300 வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் குறைந்து ஷிஃப்டுகள் அறுந்தன. அப்படி ஒரு நேரத்தில் 299 பேரை வைத்திருக்கும் ஆலை யாரையும் கேட்காமல் கதவைச் சாத்தலாம் என்று சட்டம் சொல்வது எங்களுக்கு எட்டாத ஊர்க் கதை இல்லை.

ஒன்றரை ஷிஃப்டின் கணக்கு

திருப்பூரில் யாரிடமாவது ‘பன்னிரண்டு மணி நேர வேலை’ என்று சொன்னால் விழிப்பார்கள். ‘ஒன்றரை ஷிஃப்ட்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு களவு ஒளிந்திருக்கிறது.

ஷிஃப்டுக்கு 600 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 600 என்றால் மணிக்கு 75. மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்பது பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு. புதிய ஊதியத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அப்படியானால் மிச்சம் நான்கு மணி நேரத்துக்கு மணிக்கு 150 வீதம் 600 ரூபாய். மொத்தம் 1,200. அதாவது பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவருக்குச் சட்டப்படி சேர வேண்டியது இரண்டு ஷிஃப்ட் சம்பளம். பல இடங்களில் கையில் கிடைப்பது ஒன்றரை ஷிஃப்ட், 900 ரூபாய். நாளொன்றுக்கு 300, ஆறு நாளில் 1,800 ரூபாய் சம்பளக் கவருக்குள் வராமலேயே போகிறது. இரட்டைக் கூலி என்ற விதி 1948 முதல் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதைக் கவருக்குள் கொண்டுவரச் சங்கமும் ஆய்வாளரும் நீதிமன்றமும் வேண்டும். புதிய தொகுப்புகள் கைவைத்திருப்பது சரியாக இந்த மூன்றின் மேல்தான்.

யாருக்குச் சிறை, யாருக்குச் சமரசம்

குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைத்துக் கொடுத்தால் 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை இருந்தது. எத்தனை பேரை உள்ளே தள்ளினார்கள் என்பது வேறு பேச்சு; அந்தப் பயமாவது இருந்தது. புதிய ஊதியத் தொகுப்பில் முதல் தடவைக்குச் சிறை கிடையாது. 50,000 ரூபாய் வரை அபராதம். அதிலும் உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டிச் சமரசமாகப் போய்விட வழி வைத்திருக்கிறார்கள். நூறு பேரின் கூலியைப் பிடித்தவர் 25,000 ரூபாயில் கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

குறைந்தபட்சக் கூலிகூடத் தராமல் வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், நீதிபதி பி.என். பகவதி அமர்வு தீர்ப்பு எழுதியது. உச்ச நீதிமன்றம் கட்டாய உழைப்பு என்று பெயர் வைத்த குற்றத்துக்கு நாடாளுமன்றம் வைத்த விலை இது.

தொழிலாளி பக்கம் வாருங்கள். பழைய தொழிற்தகராறுச் சட்டத்தில் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு என்ற கட்டாயம் பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டுமே இருந்தது. இப்போது எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் முன்னறிவிப்பு. நோட்டீஸ் கொடுத்து அதிகாரி சமரசப் பேச்சைத் தொடங்கிவிட்டால், அது முடிந்து ஏழு நாள் ஆகும்வரை வேலையை நிறுத்தக் கூடாது. பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம். மீறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. பழைய சட்டத்திலும் ஒரு மாதச் சிறை இருந்தது, அபராதம் 50 ரூபாய். முதலாளிக்கு முதல் குற்றத்தில் சிறையை எடுத்தவர்கள் தொழிலாளிக்கு அதை அப்படியே வைத்து, எல்லை மட்டும் விரித்திருக்கிறார்கள்.

14 நாள் என்பது எங்கள் தொழிலில் என்ன? அதற்குள் அவசர ஆர்டர் தைத்து முடிந்து, கண்டெய்னர் துறைமுகம் சேர்ந்துவிடும். அதன்பிறகு வேலையை நிறுத்தினால் யாருக்கு நட்டம்? வேலையை நிறுத்தித்தான் உரிமை பெற்றோம்: 1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அன்று அடுப்பில் பூனை தூங்கிய வீடுகளின் பிள்ளைகள்தான் இன்று பஞ்சப்படி வாங்குகிறார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து போடும் சம்பள ஒப்பந்தத்துக்கு அந்த 127 நாள்தான் முதுகெலும்பு.

சங்கம் வைப்பதற்கான பாதுகாப்பும் சும்மா வரவில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய பி.பி. வாடியா மேல் பின்னி ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. கூலி கேட்கச் சொன்னவரே குற்றவாளி ஆன அந்த வழக்கின் எதிரொலியாகத்தான் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நவம்பர் 21-இல் நீக்கப்பட்ட 29-இல் அதுவும் ஒன்று.

ஆய்வாளரும் நீதிபதியும்

ஆய்வாளருக்கு இனி ‘ஆய்வாளர் மற்றும் வசதி செய்பவர்’ என்று பெயர். எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதை இணையவழிக் குலுக்கல் தீர்மானிக்கும். 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் சாயப்பட்டறைக் கழிவுத்தொட்டியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் அப்படி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டே சட்டம் தடை செய்துவிட்டது. கழிவுத்தொட்டி, சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியும் விட்டது. சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் குறைவில்லை. ஆள் இறங்குவதற்கு முன்னால் தொட்டியின் வாயில் வந்து நிற்க ஓர் அதிகாரிதான் இல்லை. குலுக்கலில் விழும் பெயருக்காகத் தொட்டியின் விஷவாயு காத்திருக்காது.

வேலையை விட்டு நிறுத்தினால் நேரடியாகத் தகராறு எழுப்ப மூன்றாண்டு அவகாசம் இருந்தது. அது இரண்டாகச் சுருங்கிவிட்டது. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் பதிலாக இரண்டு உறுப்பினர் கொண்ட தீர்ப்பாயம், அதில் ஒருவர் நிர்வாக உறுப்பினர். அரசின் கொள்கையை நடைமுறைப்படுத்திப் பழகியவர் அதே கொள்கையால் அடிபட்டவரின் வழக்கைக் கேட்க உட்காருவார். நீதியரசர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. தோற்றாலும் நீதிபதி முன் தோற்கும் உரிமையைக் கேட்கிறோம்.

எங்களை ஏமாற்றிய தீர்ப்புகளைப் போலவே எங்களைக் காத்தவையும் உண்டு. தையல் தொழிலுக்குத் தமிழக அரசு 2014-இல் உயர்த்திய குறைந்தபட்சக் கூலியை எதிர்த்து நிறுவனங்கள் போட்ட வழக்குகளை 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2020-இல் குஜராத் அரசு கொரோனாவைக் காரணம் காட்டிப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அனுமதி கொடுத்து, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம் என்று அறிவித்தது. அந்த அறிவிக்கைகளை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-ஆம் தேதி ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்புதான் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அதன் 127-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலைவாய்ப்புப் பெருகும் என்று அரசு கருதினால் புதிய தொழிற்சாலைகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுக்கலாம். மிகைநேர வேலைக்கு மூன்று மாதத்துக்கு இத்தனை மணி என்று பழைய சட்டத்திலேயே இருந்த உச்சவரம்பும் இனி அரசு எழுதும் விதியைப் பொறுத்தது. நீதிமன்றம் முன்வாசலில் அடைத்ததை நாடாளுமன்றம் பின்வாசலில் திறந்து வைத்திருக்கிறது.

எதிர்த்தரப்புக்குச் சில வார்த்தைகள்

இந்தத் தொகுப்புகளில் நல்லதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நியமன ஆணை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது நல்லது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று சேர்க்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்பது நல்லது. குறைந்தபட்சக் கூலி எல்லா வேலைக்கும் என்றதும் நல்லது. பட்டியலில் இருப்பது கைக்கு வரும் வழியை அடைத்துவிட்டுப் பட்டியலை நீட்டுவதைத்தான் கண்டிக்கிறோம்.

சிறிய யூனிட் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் நேற்றுவரை எங்களோடு சிங்கர் மிஷினில் உட்கார்ந்திருந்தவர்கள். பீஸ் ரேட்டை மேலே இருப்பவர் அமுக்கும்போது நீங்கள் எங்களை அமுக்குகிறீர்கள். பத்து இருபதானதால் லாபம் உங்களுக்கு என்று நினைக்காதீர்கள். ‘உனக்குத்தான் சட்டச் செலவு இல்லையே, இன்னும் ஐம்பது காசு குறை’ என்று அடுத்த ஆர்டரிலேயே கேட்பார்கள். அந்த ஐம்பது காசு கடைசியில் எங்கள் கவரிலிருந்துதான் போகும்.

சிதறிக் கிடக்கும் தொழிலில் ஆளை எண்ண முடியாது என்பவர்களுக்குப் பீடித் தொழிலை நினைவூட்டுகிறோம். வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணையும், இலையும் தூளும் கொடுத்த கம்பெனியின் தொழிலாளியாக 1966-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணியது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. பீடியில் வாசலைப் பார்க்காமல் லேபிளைப் பார்த்து எண்ண முடிந்ததே, பனியனில் ஏன் முடியாது? அந்தப் பீடிச் சட்டத்தையும் இப்போது தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

தமிழக அரசுக்கும் நினைவூட்டல் ஒன்று. 2023 ஏப்ரல் 21-இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்த்ததால் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். பத்தே நாளில் திருத்திக்கொண்டதை வரவேற்றோம். அன்று முன்வாசலில் திருப்பி அனுப்பியதை விதிகள் என்ற பெயரில் உள்ளே விட்டுவிடக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

1. நான்கு தொகுப்புகளையும் மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். 2015-க்குப் பிறகு கூட்டப்படாத இந்தியத் தொழிலாளர் மாநாட்டைக் கூட்டி, அரசு, முதலாளி, தொழிலாளி முத்தரப்பும் பேசிய பிறகே புதிய சட்டம் எழுத வேண்டும்.

2. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால், 10, 20, 100 என்ற பழைய வரம்புகளை மீட்கும் திருத்தத்தைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும்.

3. பனியன் தொழிலில் ஆள் கணக்கை லேபிளை வைத்து எடுக்க வேண்டும். ஆர்டர் எடுத்தவர், அந்த ஆர்டர் போகும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் அத்தனையின் பட்டியலையும் வைத்திருக்க வேண்டும். கூலியும் இழப்பீடும் நின்றால் அவர் பொறுப்பேற்க வேண்டும்.

4. அடுத்த சம்பள ஒப்பந்தத்தில் ‘அரை ஷிஃப்ட்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘மிகைநேரம், இரட்டைக் கூலி’ என்று எழுத வேண்டும். சம்பளக் கவரில் மணிக்கணக்கும் அச்சாக வேண்டும்.

5. புகார் வந்தால் குலுக்கலுக்குக் காத்திராமல், முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வு நடத்த வேண்டும். திண்டுக்கல்லில் 2022-இல் சங்கமும் ஆலையும் பன்னாட்டு நிறுவனங்களும் போட்ட ஒப்பந்தம்போல், பெண் தொழிலாளர்களே பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஏற்பாடு நூற்பாலைகளுக்கும் வர வேண்டும்.

6. தொழிலாளர் வழக்கை நீதித்துறையினர் மட்டுமே விசாரிக்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு

கண்டனம் எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கமில்லை. இந்த வாரத்திலிருந்து ஒவ்வோர் உறுப்பினரும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வையுங்கள். எந்த யூனிட்டில் வேலை, உங்களைச் சேர்த்து எத்தனை பேர், எத்தனை மணி நேரம், கவரில் எவ்வளவு, தைத்தது என்ன லேபிள் என்று தினமும் ஐந்து வரி எழுதுங்கள். எழுதத் தெரியாத அக்காமார்களுக்குப் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கட்டும். யூனிட் பெயரை வெளியே சொல்ல வேண்டாம். நோட்டு சங்கத்திலேயே இருக்கும்.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டுகளை லேபிள்வாரியாகப் பிரித்து அடுக்குவோம். ஒரே லேபிளுக்கு எத்தனை வாசலில் எத்தனை பேர் உழைத்தார்கள் என்ற கணக்கு அப்போது கையில் இருக்கும். அதைத் தொழிலாளர் துறை அமைச்சருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். பத்தா, இருபதா, முந்நூறா என்ற கேள்விக்கு எங்கள் பதில் அந்த நோட்டுகளில் இருக்கும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள்,
அமராவதி நகர்.